அலைவாய்த் துறையும் தைத்த கலமும்: வடசென்னைக் கடற்கரை வரலாற்றில் ஒரு பகுதி

முன்னுரை

சென்னைத் துறைமுகத்தின் வரலாறு பெரும்பாலும் கல்லின் வரலாறாகவே எழுதப்பெற்றுள்ளது. கடலுள் நீண்ட அணைகள் எப்பொழுது தொடங்கப்பெற்றன, எந்தப் புயலில் அவை சிதைந்தன, எந்தப் பொறியாளர் அவற்றைச் செப்பம் செய்தார் என்பனவே அவ்வரலாற்றின் செய்திகள். இவை வேண்டாதன அல்ல. ஆயினும் இவற்றைக் கற்கும் மாணவர் உள்ளத்தில் ஓர் ஐயம் எழுதல் இயல்பு. ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியார் சென்னையில் இடம் பெற்றது 1639ஆம் ஆண்டு. துறைமுக அணைக்கு முதற்கல் நாட்டப்பெற்றது 1875ஆம் ஆண்டு. இடைப்பட்ட 236 ஆண்டுகளில் இங்குக் கடலைத் தடுக்கும் அணை இல்லை. கப்பல்கள் புகுந்து தங்கத்தக்க ஆற்றுமுகமும் இல்லை. எனினும் அக்காலத்திலேதான் இந்நகர் தென்னாட்டின் தலைநகராக வளர்ந்தது, துணிப்பொதிகள் ஏற்றுமதியாயின, படைகள் இறங்கின, ஆளுநர்கள் வந்து சென்றனர். எனின், அந்த 236 ஆண்டுகளில் சென்னையின் துறைமுகம் யாது?

அத்துறைமுகம் மரத்தாலும் கயிற்றாலும் ஆகியது. அதனை இயக்கியோர் வடசென்னைக் கடற்கரையில் வாழ்ந்த படகோட்டிகள். இக்கருத்தை நிறுவுதலும், அணை எழுந்தபின் அக்கலங்களும் அக்கரையும் எய்திய நிலையை ஆராய்தலும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1875ஆம் ஆண்டின் ஒளிவிழா

ஆராய்ச்சிக்குத் தொடக்கமாக ஓர் இரவு நிகழ்ச்சியைக் கொள்ளலாம். பின்னாளில் ஏழாம் எட்வர்டு என முடிசூடிய வேல்சு இளவரசர், 1875ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் சென்னைக்கு வந்தார். இலங்கையிலிருந்து தூத்துக்குடியில் இறங்கி, இருப்புப்பாதை வழியாக அவர் சென்னையை அடைந்தார். சென்னைத் துறைமுக அணைக்கு அடிக்கல் நாட்டியது அவர்தம் வருகையின் தலையாய நிகழ்ச்சி. அவ்வருகையை ஒட்டிக் கடற்கரையில் ஒரு விழாவும் எடுக்கப்பெற்றது. இருளில் உடைந்து சிதறும் அலைகளின் மேல் ஒளி பரப்பி, அவ்வொளியின் இடையே கட்டுமரங்களையும் மசூலாப் படகுகளையும் செலுத்திக் காட்டினர். இளவரசருடன் வந்த வில்லியம் ஓவர்டு ரசல் என்பார் தம் பயண நூலில் அச்செலவை விரித்து எழுதியுள்ளார். அலைகள் ஒளியூட்டப்பெற்ற அக்காட்சி இலண்டன் மாநகரின் படவிதழ்களிலும் ஓவியமாக இடம் பெற்றது.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஒருங்கு வைத்து நோக்குதல் வேண்டும். ஒரு கையால், படகுகளின் தேவையை ஒழிக்கப்போகும் அணைக்கு அடிக்கல் இடப்பெற்றது. மறுகையால், அப்படகுகளே விருந்தினருக்குரிய கண்காட்சியாக்கப்பெற்றன. ஒரு தொழிற்கருவி தன் தொழிலை இழக்கத் தொடங்கும் பொழுதிலேயே காட்சிப்பொருளாக மாறுதல் உலக வரலாற்றில் பலவிடத்தும் காணப்படுவது. ஆயினும் அவ்விரவு கலங்களை இயக்கியோர்க்கு அது வெறும் காட்சியன்று. பகலில் கூலிக்குச் செய்த அதே செயலையே அவர்கள் இரவிலும் செய்தனர். அலை அவர்களுக்காகத் தணிந்து நிற்கவில்லை.

நெய்தல் நிலத்தில் கலங்கள் கூடும் விழா

துறையில் கலங்கள் கூடுவதும், அக்கூட்டம் விழாவாவதும் தமிழகத்திற்குப் புதியன அல்ல. கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பட்டினப்பாலையில், முழுநிலா நாளில் பரதவர் கடலுக்குச் செல்லாமல், சுறாமீனின் கொம்பை நட்டுத் தெய்வம் பேணி, உண்டும் ஆடியும் மகிழ்ந்த செய்தி விரிவாகக் கூறப்பெறுகின்றது. அந்நாளில் கலங்கள் கரையில் ஓய்ந்து நிற்றலே விழாவின் அடையாளம். அந்நூலிலேயே, உப்பை விற்று நெல்லைக் கொண்டு மீண்ட படகுகள் முளைகளில் பிணிக்கப்பெற்று, குதிரை நிலையில் கட்டிய குதிரைகளைப் போல் வரிசையாக நின்றன எனவும் கூறப்பெறுகின்றது. இவ்வுவமை வெறும் அழகிற்காக அமைந்ததன்று. குதிரையைப் போலவே படகும் ஊட்டிக் காக்கப்பெறுவது, பழக்கி ஆளப்பெறுவது, உடைமையாளனின் செல்வமாக எண்ணப்பெறுவது என்னும் கருத்து அதனுள் பொதிந்துள்ளது.

பழந்தமிழ் நூல்களில் கடலிலும் ஆற்றிலும் செல்லும் ஊர்திகளைக் குறிக்கும் சொற்கள் பல. வங்கம், நாவாய், கலம், தோணி, திமில், அம்பி, பஃறி, ஓடம், புணை, தெப்பம் என்பன அவற்றுட் சில. இவற்றுள் வங்கமும் நாவாயும் பெருங்கடல் கடக்கும் கலங்கள். திமில் மீன்பிடிப்போர்க்கு உரியது. பஃறியும் அம்பியும் கழியிலும் ஆற்றிலும் இயங்குவன. தொழில் வேறுபடுந்தோறும் பெயர் வேறுபட்டமை, கலம் அமைப்போர் இடத்திற்கும் நீரின் இயல்புக்கும் ஏற்ப வடிவத்தை மாற்றினர் என்பதைக் காட்டும்.

அயலார் குறிப்பும் இதற்கு அரண் செய்கின்றது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பெற்ற 'எரித்திரியக் கடற்செலவு' என்னும் நூல், கீழைக்கடற்கரையின் கமரா, பொதுகே, சோபத்மா என்னும் துறைகளைக் கூறி, பெருமரங்களை ஒன்றோடொன்று பிணித்து அமைத்த கலங்கள் ஆங்கு இயங்கின எனவும், அவை சங்கர எனப்பெற்றன எனவும் குறிக்கின்றது. சோபத்மாவைச் சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினமாகக் கொள்வர் அறிஞர். இரு பாய்மரங்களோடு கூடிய கப்பலின் வடிவம் பொறித்த சாதவாகனர் காசுகளும் சோழமண்டலக் கரையில் கிடைத்துள்ளன. எனவே, மரத்தைப் பிணித்துக் கலம் செய்யும் கலை இக்கரையில் ஈராயிரம் ஆண்டுப் பழமை உடையது எனத் துணியலாம்.

சமய வாழ்விலும் இத்தொடர்பு நீடித்தது. மாசிமகத்தன்று தெய்வத் திருமேனிகள் கடற்கரைக்கு எழுந்தருளித் தீர்த்தமாடும் வழக்கம் இன்றும் தமிழகக் கடற்கரை எங்கும் உண்டு. நாகப்பட்டினத்தில், மீனவராகிய அதிபத்த நாயனாரின் வரலாற்றை நினைந்து, படகில் கடலுட் சென்று பொன்மீனை இடும் விழா நிகழ்கின்றது. வடசென்னையில் திருவொற்றியூரின் கடற்கரையில், கடல் வாணிகக் குடியில் தோன்றித் துறவு பூண்டவர் எனப்பெறும் பட்டினத்தாரின் சமாதி அமைந்துள்ளது. கடலால் பொருள் ஈட்டிய குடியினர் ஒருவர் அனைத்தையும் துறந்து கடலோரத்திலேயே அமைதி அடைந்தார் என மக்கள் போற்றுவது, கடலும் தமிழர் உள்ளமும் பிணைந்த பிணைப்பிற்குச் சான்றாகும்.

சென்னைத் துறையின் இயல்பு

இனி, சென்னைக் கடற்கரையின் இயல்பை நோக்குவோம். இங்குக் கரை நேர்கோடாக நீண்டு கிடக்கின்றது. வளைந்து காக்கும் குடாவோ மறைக்கும் தீவோ இல்லை. வங்கக்கடலின் அலைகள் தடையின்றி வந்து ஆழமில்லா மணற்பரப்பில் உடைகின்றன. ஒன்றன்பின் ஒன்றாக எழும் அலைவரிசைகளைக் கடந்தாலன்றிக் கரை சேர்தல் அரிது. ஐரோப்பியக் கப்பல்கள் கரையிலிருந்து ஒரு மைலுக்கும் மேற்பட்ட தொலைவில், திறந்த கடலிலேயே நங்கூரம் பாய்ச்சி நின்றன. கப்பலுக்குரிய ஐரோப்பியப் படகு இவ்வலைகளில் புகுந்தால் அடிமரம் மணலில் மோதிச் சிதறும். ஆகவே ஆளுநராயினும் படைத்தலைவராயினும் வணிகராயினும் கப்பலிலிருந்து இவ்வூர்ப் படகில் இறங்கியே கரை சேர வேண்டும்.

வடகிழக்குப் பருவக்காற்றின் காலத்தில் நிலைமை இன்னும் கொடிது. அக்டோபர்த் திங்களின் நடுவில் கப்பல்கள் இத்துறையை விட்டு நீங்குதல் வழக்கமாயிற்று. 1746ஆம் ஆண்டில் சென்னையைக் கைப்பற்றிய பிரெஞ்சுத் தளபதி இலா பூர்தொனே அவ்வழக்கத்திற்கு மாறாகத் தம் கப்பல்களை அக்டோபரில் இத்துறையில் நிறுத்தியிருந்தார். அத்திங்கள் 13ஆம் நாள் இரவு எழுந்த புயலில் அவர் கப்பற்படை பெருஞ்சேதமுற்றது. வெற்றி பெற்றவரையும் வென்ற கடல் இது.

அலை கடத்தற்கரியதாய் எழுந்த நாட்களில், துறை அலுவலகத்தில் கொடி ஏற்றிப் படகுகள் செல்லலாகாது என அறிவிப்பர். அந்நாட்களில் கட்டுமரம் ஒன்றே கப்பலுக்கும் கரைக்கும் இடையே செல்லும். ஓலையாற் பின்னிய கூம்பிய தொப்பியினுள் கடிதங்களை நனையாமல் வைத்துக் கட்டுமரத்தார் கொண்டு சென்றனர் எனப் பயணிகள் பலர் எழுதியுள்ளனர்.

மசூலாப் படகின் அமைப்பு

அலையைக் கடந்த அப்படகு ஆங்கில ஆவணங்களில் மசூலா எனப்பெறுகின்றது. இச்சொல்லின் பிறப்புப் பற்றி அறிஞர் கருத்து ஒன்றுபடவில்லை. மசூலிப்பட்டினத்தின் பெயரோடு இயைப்பாரும், மீனைக் குறிக்கும் வடநாட்டுச் சொல்லோடு இயைப்பாரும் உளர். தமிழில் இது படகு எனவும் சலங்கு எனவும் வழங்கிற்று. புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் சலங்கு என்னும் சொல் பயில்கின்றது. பிரெஞ்சு மொழியும் அச்சொல்லைத் தன் ஒலிமரபிற்கேற்பத் திரித்து ஏற்றுக்கொண்டது. அயலார் இட்ட பெயர் நூல்களில் நிலைபெற, கரையில் வழங்கிய பெயர் மறைந்தமை கருதத்தக்கது.

திருகோணமலைக் கப்பற்கட்டுத் துறையில் பணிபுரிந்த சான் எடை என்பார் 1834ஆம் ஆண்டில் இராயல் ஆசியக் கழக இதழில் வெளியிட்ட கட்டுரையும், சென்னை மாநில மீன்துறையின் தலைவராக விளங்கிய சேம்சு ஆர்னெல் என்பாரின் ஆராய்ச்சிகளும் இதன் அமைப்பை அறியத் துணைபுரிகின்றன. படகின் நீளம் ஏறத்தாழ 30 முதல் 35 அடி; அகலம் 10 அடிக்குச் சற்று மேல்; உயரம் 7 அல்லது 8 அடி. அடிப்பகுதி தட்டையானது. உள்ளே விலாச்சட்டங்கள் இல்லை. இரும்பாணி ஒன்றும் இல்லை. பலகைகளின் விளிம்பில் வரிசையாகத் துளையிட்டு, இணைப்பின் மேல் வைக்கோல் அல்லது நார்த்திரி வைத்து, தென்னைநார்க் கயிற்றால் இறுக்கித் தைப்பர். துணியைத் தைப்பது போலவே பலகையைத் தைத்தனர் எனலாம்.

படகின் பின்புறத்தில் நெடுந்துடுப்பைப் பற்றித் திசை காட்டுவோன் தண்டல் எனப்பெறுவான். தமிழிலும் அண்டைத் திராவிட மொழிகளிலும் வழங்கும் இச்சொல்லின் திரிபே ஆங்கிலக் கடல்வழக்கில் 'டிண்டல்' எனப் புகுந்தது. நீண்ட கழியின் முனையில் வட்டப்பலகை பிணித்த துடுப்புகளை வலிப்போர் எட்டு முதல் பன்னிருவர். தையலின் வழியே நீர் கசிந்துகொண்டே இருக்குமாதலின், அதனை இறைத்துக் கொட்டுவோரும் உடன் செல்வர். தண்டல் அலைகளைப் பின்னோக்கிப் பார்த்து நிற்பான். பேரலை ஒன்று கடந்ததும், அதன் முதுகைப் பற்றிச் செல்லுமாறு அவன் குரல் கொடுப்பான். துடுப்புகள் அனைத்தும் ஒருங்கு விழும். அடுத்த அலை எட்டுமுன் படகு மணலைச் சேரவேண்டும். சேர்ந்தவுடன் பயணிகளைத் தோளில் சுமந்து கரையில் இறக்குவர். படகு கவிழ்ந்தால் மீட்பதற்கெனக் கட்டுமரங்கள் உடன் செல்லுதலும் உண்டு. உயிர் காத்தோர்க்குக் கும்பினியார் பதக்கம் அளித்துச் சிறப்பித்தனர்.

இவ்வொருமித்த இயக்கத்திற்குப் பாட்டே துணையாயிற்று. துடுப்பு வலிப்போரின் பாட்டைப் பற்றி எழுதாத பயணி அரியர். 'ஏலேலோ' எனத் தொடரும் படகுப்பாட்டினை, மயிலாப்பூர்க் கடல்வணிகனாகக் கூறப்பெறும் ஏலேலசிங்கனோடு இயைத்துக் கூறுவது செவிவழி மரபு. அம்மரபு எவ்வாறாயினும், அப்பாட்டு இன்பத்திற்காக மட்டும் எழுந்ததன்று. பன்னிரண்டு துடுப்புகளை ஒரு துடுப்பாக்கும் கருவியாகவும் அது பயன்பட்டது.

ஆணியின்மை அறியாமையா?

ஆணியின்றித் தைத்த கலத்தைக் கண்ட ஐரோப்பியர் சிலர், இரும்பின் பயனை இக்கரையார் அறியாமையே இதற்குக் காரணம் எனக் கருதினர். கடலின் அடியில் காந்தமலைகள் உண்டு. அவை ஆணி அறைந்த கலங்களை ஈர்க்கும் என்னும் பழங்கதையும் வழங்கிற்று. போசராசனின் பெயரால் வழங்கும் யுக்திகல்பதரு என்னும் வடநூலும் இக்கதையைக் காரணமாகக் காட்டுகின்றது. இவ்விரு விளக்கங்களும் பொருந்துவன அல்ல.

கொங்குநாட்டுக் கொடுமணலில் நிகழ்ந்த அகழாய்வுகள், சங்க காலத்திலேயே தமிழர் இரும்புத் தொழிலில் சிறந்திருந்தனர் எனக் காட்டியுள்ளன. அன்றியும், சோழமண்டலக் கரையின் வேறு துறைகளிலும், கோதாவரிக் கழிமுகத்துக் கோரங்கி முதலிய இடங்களிலும், இரும்பாணி அறைந்த தோணிகளும் கப்பல்களும் கட்டப்பெற்றன. அத்தோணிகள் பாய்விரித்துச் சென்னைத் துறைக்கும் வந்து நின்றன. நெடுந்தொலைவு செல்லும் கலத்தை ஆணியால் இணைத்த கைகளே, அலையைக் கடக்கும் கலத்தை மட்டும் கயிற்றால் தைத்தன. எனவே இது அறியாமையன்று; தெரிந்தெடுத்த முறை.

அதன் காரணம் அலையின் இயல்பில் உள்ளது. ஆணியால் இறுகிய படகு மணலில் மோதும்பொழுது, மோதலின் முழுவிசையையும் ஒரே இடத்தில் தாங்கிப் பிளக்கும். தைத்த படகு அவ்விசைக்கு நெகிழ்ந்து கொடுக்கும். விசை எல்லாத் தையல்களிலும் பரவித் தணியும். பலகை ஒன்று பழுதுற்றால் தையலைப் பிரித்து அதனை மட்டும் மாற்றலாம். படகு முழுவதையும் பிரித்து மீண்டும் தைத்தலும் இயலும். கசிவு இதன் குறை. ஆயினும் ஒரு மைல் செலவுக்கு அது பெருங்குறையன்று. வளைந்து கொடுத்து நிலைபெறும் இவ்வறிவை அலை கற்பித்தது எனலாம்.

தைத்த கலம் தமிழகத்திற்கு மட்டும் உரியதன்று. எகிப்தில் கி.மு. 2500ஐ ஒட்டி வாழ்ந்த கூபு மன்னனின் கலம் 1954ஆம் ஆண்டில் கண்டெடுக்கப்பெற்றது. அதுவும் கயிற்றால் பிணிக்கப்பெற்றதே. ஓர்முசுத் துறையில் தைத்த கப்பல்களைக் கண்டு மார்க்கோ போலோ எழுதினார். கேரளத்தின் கெட்டுவள்ளமும் இலட்சத்தீவின் ஓடமும் இவ்வகையினவே. அசந்தா ஓவியத்தின் கப்பலை அடியொற்றித் தைக்கப்பெற்ற 'கவுண்டின்யா' என்னும் பாய்க்கலம் 2025ஆம் ஆண்டு மே திங்களில் கார்வாரில் இந்தியக் கடற்படையில் சேர்க்கப்பெற்றது. கேரளத் தச்சர்கள் அதனைத் தைத்தனர். இக்கலங்களுள், உடையும் அலையைக் கடத்தலையே தன் முழுத்தொழிலாகக் கொண்டமையே மசூலாவின் தனிச்சிறப்பு.

கட்டுமரம்: சொல் சென்ற வழி

கட்டுமரத்தின் அமைப்பு இதனினும் எளிது. மலைவேம்பு முதலிய எடை குறைந்த மரங்களை நீள்வடிவில் செதுக்கி, மூன்று முதல் ஏழு மரங்களை இரு முனைகளிலும் கயிற்றால் பிணிப்பர். இதற்குள் நீர் புகுந்து நிற்றல் இல்லை. ஆதலின் கவிழ்ந்தாலும் மூழ்காது. கரை சேர்ந்தபின் கட்டவிழ்த்து மரங்களை வெயிலில் உலர்த்துவர். பாய்விரித்துச் செல்லுங்கால் ஆழ்கடல் வரை இது சென்று மீளும்.

ஆங்கிலக் கடலோடி வில்லியம் தாம்பியர் 1697ஆம் ஆண்டு வெளியிட்ட தம் நூலில் சோழமண்டலக் கரையார் வழங்கிய இப்பெயரை எடுத்தெழுதினார். அதன்பின் இச்சொல் உலக மொழிகளில் பரவிற்று. 1876ஆம் ஆண்டில் அமெரிக்கக் கப்பற்சிற்பி நத்தானியேல் எரசாப் 'அமரில்லிசு' என்னும் ஈருடற் பாய்க்கலத்தைச் செலுத்திக் காட்டினார். அத்தகைய ஈருடற் கலங்களுக்கே கட்டுமரம் என்னும் தமிழ்ச்சொல்லின் திரிபு இன்று உலகெங்கும் பெயராக வழங்குகின்றது. சொல் கடல் கடந்து பொருள் மாறி வாழ்கின்றது. அச்சொல்லை ஈன்ற பொருளோ சொந்தக் கரையில் அருகி வருகின்றது.

படகோட்டிகளும் இராயபுரமும்

இக்கலங்களை இயக்கிய மக்கள் வரலாற்று நூல்களில் பெரும்பாலும் பெயரற்றவர்களாகவே காணப்படுகின்றனர். அவர்களைப் பற்றி எழுதியோர் அச்சத்தோடு படகில் அமர்ந்திருந்த அயல்நாட்டுப் பயணிகள். அவர்தம் குறிப்புகளில் வியப்பும் இகழ்ச்சியும் கலந்துள்ளன. கூடுதலான கூலி கேட்டனர், நடுவழியில் பேரம் பேசினர் என்னும் குற்றச்சாட்டுகள் பல. ஆராய்வோர் இக்குறிப்புகளை அப்படியே ஏற்றல் ஆகாது. உயிரைப் பணயம் வைத்துச் செய்யும் தொழிலுக்கு, மேலிருந்து விதித்த கூலியில் நிறைவு கொள்ளாமையைக் குற்றம் எனக் கூறுதல் எளிது. கும்பினி ஆவணங்களில், படகோட்டிகள் தொழிலுக்கு வர மறுத்த செய்திகளும் உள்ளன. அவர்கள் மறுத்த நாளில் நகரின் வாணிகம் நின்றது. துறைமுகம் என்பது அவர்கள்தாம் என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுவதில்லை.

வடசென்னையில் அவர்கள் விட்டுச்சென்ற நிலையான சான்று இராயபுரத்துத் தூய இராயப்பர் கோவிலாகும். குருகுல வம்சத்தார் எனத் தம்மைக் கூறிக்கொள்ளும் கத்தோலிக்கப் படகோட்டிகள் 1829ஆம் ஆண்டில் இக்கோவிலை எழுப்பினர். இராயப்பர் என்பது இயேசுவின் மாணவராகிய பேதுருவுக்குத் தமிழ்க் கத்தோலிக்கர் வழங்கும் பெயர். அவரும் மீனவர், படகு உடையவர். இராயபுரம் என்னும் ஊர்ப்பெயரும் இராயப்பரால் அமைந்தது என்பர். அரசர் பெயராலும் ஆளுநர் பெயராலும் ஊர்ப்பகுதிகள் வழங்கும் சென்னையில், படகோட்டிகளின் காவலராகிய ஒரு மீனவரின் பெயரால் ஒரு பகுதி வழங்குமாயின், அது பெருமைக்குரியது. இராயப்பர் திருநாள் ஆண்டுதோறும் சூன் 29ஆம் நாள். கடலில் ஈட்டிய கூலியால் கரையில் எழுந்த கோவில் ஆதலின், அக்கோவிலும் அத்துறையின் ஓர் உறுப்பே.

இப்படகுகள் ஏற்றிச் சென்றவை துணியும் பொன்னும் மட்டும் அல்ல. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற முதற்குழுவினர், 'துரூரோ' என்னும் கப்பலில் சென்னையிலிருந்து புறப்பட்டு, 1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் தர்பன் துறையை அடைந்தனர். சென்னையில் இரும்புக் கடற்பாலம் திறக்கப்பெற்றது அதற்கு அடுத்த ஆண்டாகிய 1861இல்தான். அலை கடந்து கப்பலேற ஊர்ப்படகன்றி வேறு வழி இல்லாத காலம் அது. அயல்நாட்டுத் தமிழர் பலரின் முன்னோர்க்குத் தாய்நாட்டின் இறுதி நினைவு, அலையில் ஏறியிறங்கிய ஒரு தைத்த படகாக இருந்திருக்கும். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வருத்திய பெரும்பஞ்சத்தில், வெளியிடங்களிலிருந்து வந்த தானியம் சென்னைக் கடற்கரையில் மலைபோல் குவிந்தது. அணை இன்னும் முற்றுப்பெறாத அந்நாளில், அதனைக் கரை சேர்த்ததும் படகோட்டிகளின் தோள்களே.

கால்வாய்த் தோணிகள்

கடற்கலங்களோடு உடன் எண்ணத்தக்கன எண்ணூர்க் கழியிலும் கால்வாயிலும் இயங்கிய மரத்தோணிகள். 1806ஆம் ஆண்டில் பேசில் காக்கிரேன் என்பாரின் முயற்சியால் சென்னையிலிருந்து எண்ணூர்க்குக் கால்வாய் வெட்டி முடிக்கப்பெற்றது. பின்னர் அது பழவேற்காட்டுக்கு அப்பாலும் நீண்டது. பஞ்ச நிவாரணப் பணியாகத் தெற்கிலும் இணைக்கப்பெற்று, 1878ஆம் ஆண்டில் ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயரைப் பெற்றது. காற்று வாய்த்தபொழுது பாய்விரித்தும், வாயாதபொழுது கரையிலிருந்து கயிற்றால் இழுத்தும் தோணிகளைச் செலுத்தினர். எண்ணூர் உப்பும் சிரீஅரிக்கோட்டை விறகும் இவ்வழியே நகருக்கு வந்தன.

உப்பேற்றிய படகுகள் வரிசையாகக் கட்டப்பெற்று நின்ற பட்டினப்பாலைக் காட்சியை இங்கு மீண்டும் நினைவு கூர்தல் தகும். ஈராயிரம் ஆண்டுகட்குப் பின்னும் அதே பொருள், அதே கழி, அதே வகை ஊர்தி! இருப்புப்பாதையும் சாலையும் இவ்வாணிகத்தைக் குறைத்தன. 1965, 1966ஆம் ஆண்டுகளின் புயல்கள் கால்வாயைச் சிதைத்தன. அதன்பின் தோணிகளின் பாய் மீண்டும் முன்போல் விரியவில்லை.

அணையும் கரையும்

துறைமுக அணைகள் எளிதில் அமைந்தன அல்ல. 1881ஆம் ஆண்டு நவம்பர்ப் புயல் அவற்றை உடைத்தது. மீண்டும் கட்டி முடிக்கப் பல ஆண்டுகள் சென்றன. கிழக்கு நோக்கிய வாயிலில் அலை புகுந்தமையால், 1904ஆம் ஆண்டில் பொறுப்பேற்ற பிரான்சிசு சுபிரிங்கு அதனை மூடுவித்து வடகிழக்கில் புதுவாயில் அமைத்தார். அதன்பின் கப்பல்கள் அமைதியான நீரில் நின்றன. மசூலாப் படகு சரக்கேற்றும் தொழிலை இழந்து, கரைவலை இழுப்போரின் படகாகச் சில காலம் வாழ்ந்தது.

அணையால் நேர்ந்த மற்றொரு விளைவும் உண்டு. சோழமண்டலக் கரையில் ஆண்டின் பெரும்பகுதியில் நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே மணலைக் கொண்டு செல்லும். அணைகள் இம்மணலைத் தடுத்தன. தெற்கே மணல் குவிந்து மெரினா கடற்கரை அகன்றது. 1881 முதல் 1886 வரை ஆளுநராக இருந்த கிராண்டு டப்பு ஆங்கு உலாவிடம் அமைத்து அப்பெயரை இட்டார். வடக்கே இராயபுரமும் திருவொற்றியூரும் மணலின் வரவை இழந்தன. கடல் கரையை அரித்தது. ஆண்டுதோறும் குப்பங்கள் பின்வாங்கின. பின்னர்க் கருங்கற்களைக் கொட்டிக் கரையைக் காக்க வேண்டியதாயிற்று. படகை இழுத்து ஏற்றவும், கட்டுமரத்தைப் பிரித்து உலர்த்தவும், வலையை விரிக்கவும் வேண்டிய மணற்பரப்பே இல்லாதொழிந்தது. தென்சென்னை பெற்ற உலாவிடமும் வடசென்னை இழந்த கரையும் ஒரே அணையின் இரு பக்கங்கள். துறைமுக வரலாற்றை எழுதுவோர் இவ்விரண்டையும் ஒரே ஏட்டில் எழுதுதல் வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காசிமேட்டில் மீன்பிடித் துறைமுகம் அமைந்தது, விசைப்படகுகள் பெருகின. எண்ணூரில் 2001ஆம் ஆண்டில் புதிய துறைமுகம் இயங்கத் தொடங்கி, 2014ஆம் ஆண்டில் காமராசர் பெயரைப் பெற்றது. 2004ஆம் ஆண்டு டிசம்பரில் நேர்ந்த ஆழிப்பேரலைக்குப் பின் கண்ணாடியிழைப் படகுகள் மிகுதியாக வழங்கப்பெற, கட்டுமரங்கள் மேலும் அருகின. 2023ஆம் ஆண்டு டிசம்பரில் புயல்வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழியில் பரவியபொழுது, அங்குள்ள மீனவரின் படகுகளும் வலைகளும் கருமை படிந்து பயனிழந்தன. அலையை வென்ற கலமரபு, அலையல்லாதவற்றால் நலிவுறுகின்றது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று செய்திகள் பெறப்படும். சென்னை நகரின் முதல் 236 ஆண்டுகளுக்குத் துறைமுகமாக நின்றவை தைத்த படகும் கட்டுமரமும் அவற்றை இயக்கிய மக்களுமே என்பது ஒன்று. ஆணியின்றித் தைத்தமை அறியாமையால் அன்றி, அலையின் இயல்பறிந்து தெரிந்தெடுத்த முறையால் அமைந்தது என்பது மற்றொன்று. அவர்களின் பணியை ஏற்றுக்கொண்ட கல்லணை அவர்களின் கரையையும் கொண்டது என்பது மூன்றாவது.

தமிழ் ஆய்வாளர்க்கு இவற்றால் ஒரு கடமை பிறக்கின்றது. வாடை, கொண்டல், கச்சான் எனக் காற்றுக்கும், தெண்டி, வன்னி என நீரோட்டத்திற்கும் பெயர் வைத்து வழங்கும் முதியோர் கடற்கரைக் குப்பங்களில் இன்னும் உள்ளனர். துடுப்பின் வகைகள், மரத்தின் உறுப்புகள், முடிச்சின் பெயர்கள், அலையின் நிலைகள் என அவர்கள் நாவில் வழங்கும் சொற்கள் பல அகராதியில் இடம்பெறாதவை. கலம் மறைந்தால் அதன் உறுப்பின் பெயர் மறையும். பெயர் மறைந்தால் அதனைச் செய்த அறிவு இருந்தது என்பதற்கும் சான்று இராது. சங்க நூலின் திமிலுக்கும் பஃறிக்கும் உரை காண முயல்வோர், இராயபுரத்திலும் காசிமேட்டிலும் திருவொற்றியூர்க் குப்பத்திலும் எண்ணூரிலும் சென்று அமர்ந்து கேட்டல் வேண்டும். பட்டமேற்படிப்பு மாணவர் ஒவ்வொருவரும் ஒரு குப்பத்தின் கலச்சொற்களைத் தொகுப்பாராயின், சில ஆண்டுகளில் தமிழ்க் கடற்கலை அகராதி ஒன்று உருவாகும்.

1875ஆம் ஆண்டின் அவ்விரவில் கலங்களைச் செலுத்தியோரின் பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை. அவர்தம் தொழிலின் சொற்களேனும் கிடைக்குமாறு செய்தல் நம் கையில் உள்ளது.